ஒரே பட்டனை எத்தனை நாள்தான் அமுக்குவது? – ஆர்.பி.ஜி. சண்டைகளுக்குச் சில யோசனைகள்

கற்பனை உலகம். மூன்று நிலா, பேசும் மரம், ஆயிரம் வருஷத்துச் சாபம், பறக்கும் டிராகன். இத்தனையும் யோசித்து உருவாக்கிய ஒரு கேமில், ஆடுபவர் அறுபது மணி நேரம் என்ன செய்கிறார்? அடிக்கிறார். எதிரியின் தலைக்கு மேல் உள்ள சிவப்புக் கோடு குறைகிறது. தன் கோடு குறைந்தால் மருந்து குடிக்கிறார். மறுபடியும் அடிக்கிறார். ஓநாய் வந்தாலும் இதுதான், அரக்கன் வந்தாலும் இதுதான், உலகத்தையே அழிக்க வந்த கடைசி வில்லன் வந்தாலும் இதேதான்!

கதைக்கும் படத்துக்கும் இசைக்கும் செலவழிக்கும் மூளையில் கால்வாசியையாவது சண்டைக்குச் செலவழித்தால் என்ன? அதற்கான சரக்கு வெளிநாட்டில்தான் கிடைக்கும் என்று இல்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரத்திலேயே நிறைய இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இந்த வியாதி எங்கிருந்து வந்தது?

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, பேப்பர், பென்சில், பகடை அவ்வளவுதான். இன்றைக்கு இருக்கும் ஆர்.பி.ஜி.களுக்கு எல்லாம் பாட்டி அதுதான். பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளில் இருந்து அது பிறந்தது. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் 'ஹிட் பாயின்ட்' என்று ஓர் எண் உண்டு. அடி விழ விழ எண் குறையும், பூஜ்யம் வந்தால் ஆள் காலி. இந்தக் கணக்கைக் கப்பல் சண்டை விளையாட்டு விதிகளில் இருந்து எடுத்ததாக ஆர்னசனே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். இரும்புக் கப்பல் எத்தனை குண்டு தாங்கும் என்று போட்ட கணக்கை மனுஷனுக்கு மாட்டிவிட்டார்கள். அதனால்தான் ஆர்.பி.ஜி. ஹீரோ ஒரு பாயின்ட் மிச்சம் இருக்கும்போதும் நொண்டாமல் ஓடுகிறான், ஒரு பாயின்ட் போனதும் தொப்பென்று விழுகிறான். 1986-ல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட்' இதை 'அடி, மந்திரம், பொருள், ஓடு' என்று நான்கு வரி மெனுவாக ஆக்கியது. பிறகு எத்தனையோ நல்ல கேம்கள் வந்தாலும், பெரும்பாலானவற்றில் உள்ளே ஓடுவது அதே நான்கு வரிதான்.

லெவல் ஏறினால் பலம் ஏறுகிறதா?

காமர்ஸ் வகுப்பில் ஒரு சமாச்சாரம் சொல்வார்கள். சம்பளம் இரண்டு மடங்கு ஆகி, அரிசி பருப்பு விலையும் இரண்டு மடங்கு ஆனால், உண்மையான கூலி ஒரு பைசா கூட ஏறவில்லை என்று அர்த்தம். ஆர்.பி.ஜி. லெவல் கணக்கு அச்சு அசல் இதுதான்.

முதல் லெவலில் ஹீரோவின் அடி 10, ஓநாயின் உயிர் 50. ஐந்து அடி. நாற்பதாவது லெவலில் ஹீரோவின் அடி 1000, டிராகனின் உயிர் 5000. அதே ஐந்து அடி! பணவீக்கம் மட்டும்தான் நடந்திருக்கிறது. 2006-ல் வந்த 'ஆப்ளிவியன்' இதில் உச்சம். அதில் ஹீரோ வளர வளர எதிரிகளும் கூடவே வளர்ந்தார்கள். கடைசியில், வழிப்பறி செய்யும் சாதாரணத் திருடன் கூட ராஜா வீட்டுக் கவசம் போட்டுக்கொண்டு வந்து சில்லறை கேட்டான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாமே என்று சிரித்தவர்கள் ஏராளம் :)

எண் பெரிதாவது வளர்ச்சி இல்லை. நேற்று செய்ய முடியாத ஒன்றை இன்று செய்ய முடிவதுதான் வளர்ச்சி. இது கேமுக்கு மட்டும் பொருந்தும் விஷயமும் அல்ல.

யாருமே முயற்சி செய்யவில்லையா?

செய்தார்கள். அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2014-ல் வந்த 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சலாம், எண்ணெயில் தீ வைக்கலாம் என்று தரையையே ஆயுதமாக்கியது. அதே லேரியன் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3'-ல் எதிரியை மேட்டில் இருந்து தள்ளிவிடலாம், கையில் கிடைத்ததைத் தூக்கி எறியலாம், பேசியே சில பெரிய எதிரிகளைச் சாய்க்கலாம். 2015-ல் டோபி ஃபாக்ஸ் செய்த 'அண்டர்டேல்' ஒரு படி மேலே போய், எந்த எதிரியையும் கொல்லாமலே முடிக்க வழி வைத்தது.

இவை எல்லாம் ஓடாத கேம்கள் அல்ல. சக்கைப் போடு போட்டவை. அதாவது, "மக்களுக்கு அடிதடி மட்டும்தான் வேண்டும்" என்ற வாதம் சந்தையிலேயே தோற்றுப் போய்விட்டது. அப்படியும் பெரும்பாலான கம்பெனிகள் பழைய மெனுவையே சூடு பண்ணிப் பரிமாறுகின்றன.

பல்லாவரத்துக் கல்

1863 மே மாதம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லை எடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அந்த வழியாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! இந்த ஊர் எப்பேர்ப்பட்ட ஆயுதக் கிடங்கு என்று யாருக்கும் உறைப்பதில்லை.

அந்தக் கைக்கோடரியை 'ஆயுதம்' என்று மட்டும் சொல்ல முடியாது என்பதுதான் இதில் விசேஷம். வெட்ட, தோல் உரிக்க, எலும்பு உடைக்க, கிழங்கு தோண்ட எல்லாவற்றுக்கும் அதே கல். ஒரே பொருளுக்குப் பல உபயோகம். ஆர்.பி.ஜி. கேமில் வாள் என்றால் எதிரியை வெட்ட மட்டும்தான். அதே வாளால் கயிற்றை அறுக்க முடியாது, கதவை நெம்ப முடியாது, அடுத்தவனிடம் கொடுத்துச் சமாதானம் பேச முடியாது. கற்காலத்து மனிதனுக்கு இருந்த சுதந்திரம் கூட இன்றைய கேம் ஹீரோவுக்கு இல்லை!

சரி, குறை சொன்னது போதும். யோசனைகளுக்கு வருவோம்.

யோசனை 1: உயிர்க் கோட்டுக்குப் பதில் தூரம்

சிலம்பத்தில் முதலில் கற்றுக்கொடுப்பது கம்பு அல்ல, காலடி. எங்கே நிற்பது, எப்படி நகர்வது என்பதில்தான் பாதி வித்தை. போட்டிச் சிலம்பத்தில் எதிராளியின் உடம்பில் கம்பு தொட்டால் புள்ளி, அவரைப் படுக்க வைக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டபோது நாட்டின் மற்ற பகுதிக்காரர்களும் இதைப் பார்த்தார்கள்.

இதை அப்படியே கேமுக்குள் கொண்டுவரலாம். நீளக் கம்பு சுற்றினால் நான்கு பேரைக் கூடத் தள்ளி நிறுத்தலாம், ஆனால் சுற்றச் சுற்ற மூச்சு வாங்கும். குறுகலான சந்துக்குள் போனால் அதே கம்பு பாரம். அங்கே இரண்டு மான் கொம்புகளைச் சேர்த்துக் கட்டிய மடுவு கையில் இருந்தால் தடுக்கவும் குத்தவும் வசதி. சுருள்வாள் திறந்த வெளியில் பயங்கரம், ஆனால் பக்கத்தில் நண்பன் நின்றால் அவனுக்கும் ஆபத்து. இப்படிச் செய்தால் 'எந்த ஆயுதத்துக்கு எண் அதிகம்' என்ற கேள்வி போய், 'இந்த இடத்துக்கு எது சரி' என்ற கேள்வி வரும். முதல் கேள்விக்குக் கால்குலேட்டர் போதும். இரண்டாவதற்கு மூளை வேண்டும்.

யோசனை 2: அடிக்கத் தெரிந்த கைக்கே ஆற்றவும் தெரியட்டும்

ஆர்.பி.ஜி.யில் போர்வீரன் தனி, வைத்தியன் தனி. வர்மக்கலையில் அப்படி இல்லை. மரபுவழிக் கணக்கில் வர்மப் புள்ளிகள் 108. அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எந்த இடத்தில் பட்டால் ஆள் விழுவான் என்று தெரிந்த ஆசானுக்கே எந்த இடத்தைத் தூண்டினால் எழுவான் என்றும் தெரியும். கன்னியாகுமரிப் பக்கம் இன்றும் வர்மம் வைத்தியமாக வாழ்கிறது.

கேமில் இதை எப்படி வைக்கலாம்? ஹீரோ ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தால்தான் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். அந்த அறிவைச் சண்டையிலும் பயன்படுத்தலாம். ஆனால் ஒருமுறை ஊர் பார்க்க ஒருவனை வர்மத்தால் அடித்துவிட்டால், அதன் பிறகு நோயாளிகள் அந்தக் கையிடம் வரப் பயப்படுவார்கள். புதுப் புள்ளி கற்பதும் நின்றுவிடும். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்! தேர்வு என்றால் இழப்பும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தேர்வே இல்லை.

யோசனை 3: எல்லாச் சண்டையும் ஒரே சண்டை அல்ல

இதுதான் முக்கியமான யோசனை. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோன புறத்திணைகளை ஞாபகம் இருக்கிறதா? வெட்சி, கரந்தை, வஞ்சி, காஞ்சி, நொச்சி, உழிஞை, தும்பை, வாகை... ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை சொல்லும் வரிசை இது. கேம் செய்கிறவர் கண்ணோடு இதை ஒருமுறை பாருங்கள்.

வெட்சி – எதிரியின் ஆநிரையைக் கவர்ந்து வருவது. கொல்வது குறிக்கோள் அல்ல, மாடுகளோடு தப்பித்து வருவதுதான்.
கரந்தை – கவர்ந்த மாடுகளை மீட்பது. துரத்தல், தடம் பார்த்தல்.
வஞ்சி – மண்ணுக்காகப் படையெடுத்துப் போவது. வழி, உணவு, தண்ணீர் எல்லாம் கணக்கு.
காஞ்சி – வருகிற படையை எதிர்த்து நிற்பது.
உழிஞை – கோட்டையை முற்றுகையிடுவது.
நொச்சி – கோட்டைக்குள் இருந்து காப்பது. பொறுமைதான் ஆயுதம்.
தும்பை – வீரத்தைக் காட்ட நேருக்கு நேர் மோதுவது.
வாகை – வெற்றி.

இன்றைய ஆர்.பி.ஜி.களில் பெரும்பாலானவை இதில் தும்பையை மட்டும் எடுத்துக்கொண்டு அறுபது மணி நேரம் ஓட்டுகின்றன! மற்ற ஏழும் சும்மா கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெற்றி என்பதற்கு வேறு வேறு அர்த்தம், வேறு திறமை, வேறு வேகம். அதோடு தொல்காப்பியம் புறத்திணைகளை அகத்திணைகளோடு ஜோடி சேர்க்கிறது. வெட்சிக்குக் குறிஞ்சி, வஞ்சிக்கு முல்லை, உழிஞைக்கு மருதம், தும்பைக்கு நெய்தல். அதாவது நிலத்துக்கும் சண்டைக்கும் சம்பந்தம் உண்டு. மலையில் இரவுத் திருட்டு, வயல் சூழ்ந்த ஊரில் முற்றுகை, திறந்த மணல்வெளியில் நேர் மோதல். மேப் போடுகிறவருக்கும் சண்டை எழுதுகிறவருக்கும் இதைவிட வசதியான வரைபடம் கிடைக்குமா?

போட்ட பூவைப் பார்த்தே எதிரி என்ன செய்ய வருகிறான் என்று தெரிந்துகொள்ளலாம் என்பது உபரி லாபம். திரையில் எந்த ஐகானும் தேவை இல்லை.

யோசனை 4: பேச்சும் ஒரு சண்டை முறைதான்

பல கேம்களில் பேச்சு என்றால் பகடை உருட்டுவது. அதிர்ஷ்டம் இருந்தால் எதிரி கேட்பான், இல்லாவிட்டால் வாள். 1997-ல் வந்த 'ஃபால்அவுட்' இதைச் சரியாகச் செய்தது. அணு யுத்தத்துக்குப் பிந்தைய உலகம் அது, மாயாஜாலம் இல்லை, ஆனாலும் பாடம் பாடம்தான். அதன் கடைசி வில்லன் உருவாக்கும் புது இனத்துக்குப் பிள்ளை பிறக்காது என்பதற்கு ஆடுபவர் ஆதாரம் தேடிக் கொண்டுபோய்க் காட்டினால், தன் திட்டம் வீண் என்று அவனே ஒப்புக்கொள்வான். வாய்ச்சவடால் போதாது, உழைப்பு வேண்டும்.

புறநானூற்றில் இதற்கு இரண்டு அருமையான உதாரணங்கள். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். உன் ஆயுதங்கள் மாலை போட்டு, பளபளவென்று மாளிகையில் இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவையோ முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. கேட்க எதிரியைப் புகழ்வது போல இருக்கும். உண்மையில், எங்கள் ஆள் தினமும் சண்டை போடுகிறவன், நீ பொம்மைக்கு அலங்காரம் செய்கிறவன் என்று அர்த்தம். ஓர் அடி கூட விழவில்லை, ஆனால் அடி விழுந்துவிட்டது!

இன்னொருவர் கோவூர் கிழார். உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட, உள்ளே நெடுங்கிள்ளி அடைந்து கிடக்கிறான். இருவரும் சோழர்கள். இருவரும் ஆத்தி மாலை போட்டவர்கள். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று எடுத்துச் சொல்கிறார். எதிரிகளின் உறவு என்ன, வரலாறு என்ன என்று தெரிந்தவருக்கு மட்டுமே வரக்கூடிய வாதம். கேமில் இது ஒரு பட்டனாக இருக்கக்கூடாது, தேடிக் கண்டுபிடித்த தகவல்களை அடுக்கி உருவாக்கும் வாதமாக இருக்க வேண்டும்.

யோசனை 5: தோல்விக்கு மரியாதை

தோற்றால் 'லோட் கேம்'. இதைப் போல அலுப்பான விஷயம் வேறு இல்லை. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டான். அந்தப் போரில் வென்றவனைப் பாடியவர்களே தோற்றவன் பெருமையையும் பாடினார்கள். ஆநிரை காத்து விழுந்தவனுக்கு ஊர் நடுகல் நட்டது. செங்கம் பக்கம் அப்படிப்பட்ட கற்கள் ஏராளம்.

ஹீரோவின் கூட்டாளி விழுந்தால், அவன் விழுந்த இடத்தில் நடுகல் வரட்டும். அந்த ஊர் அதை ஞாபகம் வைத்திருக்கட்டும். பின்னால் ஹீரோ அந்த வழியாக வரும்போது அந்த ஊரில் நிலைமை மாறியிருக்கட்டும். எதிரி விழுந்தாலும் அப்படியே. நடுகல்லில் பெயர் வரும் என்று தெரிந்தால், யாரை வெட்டுவது என்று ஆடுபவர் ஒரு நிமிஷமாவது யோசிப்பார்.

இதில் வளரியின் கதையையும் சேர்க்க வேண்டும். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். கைதேர்ந்தவர் வீசினால் நூறு கஜம் வரை குறி தப்பாது என்றும் வியக்கிறார். 1801-ல் அதே வெல்ஷ், அதே சின்ன மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். அந்த வருஷம் அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கற்றுக்கொடுத்த கையையே எதிர்த்து நிற்கும் சூழ்நிலை! எந்த ஆர்.பி.ஜி. கதாசிரியர் இப்படி ஒரு சண்டையை எழுதியிருக்கிறார்? சென்னை எழும்பூர் அருங்காட்சியகத் தொகுப்பில் தஞ்சாவூர் ஆயுதச்சாலையில் இருந்து வந்த தந்த வளரிகள் உண்டு. தாம்பரத்தில் ஏறினால் ஒரே ரயில்தான்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"

மூன்று ஆட்சேபணைகள் வரும்.

ஒன்று, செலவு. எட்டு வகைச் சண்டை செய்ய எட்டு மடங்கு செலவாகும் என்பார்கள். ஆனால் நூறு வகை எதிரிகளை வரைந்து, அத்தனைக்கும் ஒரே சண்டையைக் கொடுப்பதும் செலவுதானே? பத்து எதிரிகள், ஐந்து வழிகள் என்று பட்ஜெட்டை மாற்றிப் போட்டால் போதும்.

இரண்டு, எத்தனை வழி வைத்தாலும் ஆடுபவர்கள் சுலபமான ஒன்றையே பிடித்துக்கொள்வார்கள். இது உண்மை. 'ஸ்கைரிம்' ஆடியவர்களில் யாரைக் கேட்டாலும் கடைசியில் இருட்டில் பதுங்கி அம்பு விட்ட கதையைத்தான் சொல்வார்கள் :) அதற்கு மருந்து, வழிகளைக் கூட்டுவது அல்ல. ஒவ்வொரு வழிக்கும் விலை வைப்பது. மேலே சொன்ன வர்ம வைத்தியர் போல.

மூன்று, "அட, டைம்பாஸ் விளையாட்டுக்கு எதற்கு இத்தனை?" இதற்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

2020-ல் புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 'ராஜி' என்ற கேமை வெளியிட்டது. இந்தியப் புராணம், கோட்டைகள், சுவரோவியங்கள், கையில் திரிசூலம். பார்க்கப் பரவசம். ஆனால் சண்டை மட்டும் வேறு எந்த நாட்டு கேமிலும் இருக்கக்கூடிய சண்டைதான். திரிசூலத்தை எடுத்துவிட்டு ஐரோப்பிய ஈட்டியைக் கொடுத்தால் ஆட்டம் பெரிதாக மாறாது. இதற்கு நேர் எதிர், டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்து 2023-ல் வந்த 'வெண்பா'. கனடா போன தமிழ்க் குடும்பத்தின் கதை. சண்டையே கிடையாது, சமையல்தான். அழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பை வைத்து இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். அந்த இட்லியை எடுத்துவிட்டு பீட்சா வைக்க முடியாது. வைத்தால் கேமே இல்லை. பண்பாடு சுவரில் ஒட்டிய படமாக இல்லாமல், கையால் செய்யும் வேலையாக அதில் இருக்கிறது.

இந்தியாவில் இருந்து, தமிழ்நாட்டில் இருந்து, இனி நிறைய கேம்கள் வரப்போகின்றன. அதில் சிலம்பமும் வளரியும் நிச்சயம் வரும். கேள்வி என்னவென்றால், அவை வெறும் உடுப்பாக வருமா, ஆட்டமாக வருமா? உடுப்பாக வந்தால், சிலம்பம் என்பது நீளமான வாள், வர்மம் என்பது பச்சை நிற மந்திரம் என்று ஒரு தலைமுறை நம்பிவிடும். பள்ளி மைதானங்களிலும் மொட்டை மாடிகளிலும் மாலை வேளையில் காலடி பழகும் பிள்ளைகளே, திரையில் தங்கள் வித்தையைப் பார்த்து அடையாளம் தெரியாமல் போவார்கள்.

கடைசியாக ஒரு வியாபாரக் கணக்கு. எதிரிகள் ஹீரோவை ஞாபகம் வைத்துப் பழிவாங்கும் 'நெமசிஸ்' என்ற முறைக்கு, 2014-ல் அதை கேமில் வைத்த வார்னர் பிரதர்ஸ் 2021-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டது. ஆனால் வெட்சிக்கும் நொச்சிக்கும் யாரும் காப்புரிமை வாங்க முடியாது. அவை பொதுச் சொத்து, மூலதனம் பூஜ்யம். கோடோ போல இலவசமாகக் கிடைக்கும் கேம் எஞ்சினில், கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒரு மாடுபிடி இரவை, ஒரே ஒரு மலையில், ஒரு யுத்தம் கூட இல்லாமல் செய்து பார்க்கலாம். மாடு கத்தாமல் ஊர் எல்லை தாண்டினால் வெற்றி.

அதில் எதிரியின் தலைக்கு மேல் சிவப்புக் கோடு மட்டும் வேண்டாம்!